மருத்துவ மாநாட்டில் ஆராய்ச்சி முறையைக் கற்பிப்பது எப்படி? பயிலரங்கு நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ மாநாடுகளில் ஆராய்ச்சி முறை வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இரண்டு மணி நேரம், நூற்றுக்கு மேல் ஸ்லைடுகள். கருதுகோளில் ஆரம்பித்து ஆய்வு வகைகள், சாம்பிள் சைஸ் (ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது), டி டெஸ்ட், கை ஸ்கொயர், ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்குகள் என்று ஓடி, கடைசி ஐந்து நிமிடத்தில் ஆய்வு அறம், அதாவது எதிக்ஸ். பேசுபவர் விஷயம் தெரிந்தவர். கேட்பவர்களும் ஆர்வமாக வந்தவர்கள்தான். ஆனாலும் திங்கட்கிழமை ஓ.பி.யில் உட்காரும்போது அந்த மருத்துவரிடம் மிஞ்சுவது சான்றிதழும் தொடர்கல்விக்கான கிரெடிட் ஹவரும் மட்டுமே.

ஒரு நாள் பயிலரங்கால் உருப்படியாக ஒரு வேலையைச் செய்ய முடியும். வருகிற ஒவ்வொருவரும் தன் நோயாளிகளைப் பற்றித் தனக்குள்ள ஒரு கேள்வியை ஒரு பக்க ஆய்வுத் திட்டமாக எழுதி, அதோடு வீடு திரும்ப வேண்டும். அன்றைய வகுப்புகள், பயிற்சிகள், விவாதங்கள் எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்காகவே. அதற்கு உதவாதது எவ்வளவு நல்ல ஸ்லைடாக இருந்தாலும் வெளியே போக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அடிப்படையில்தான் போகிறது.

மாநாட்டுக்கு முன்: ஆர்கனைசிங் செகரட்டரியிடம் கேட்க வேண்டியவை

அழைப்பு வந்ததும் முதலில் நேரத்தைப் பேசுங்கள். மாநாட்டுக்கு முந்தைய நாள், ப்ரீ-கான்பரன்ஸ் ஒர்க்‌ஷாப்பாக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கிடைத்தால் நல்லது. மாநாட்டு நாளில், பக்கத்து ஹாலில் லைவ் சர்ஜரி ஓடும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கொடுத்தால் முழுப் பயிலரங்கு நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு திட்டம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது அறை. தியேட்டர் போல வரிசை நாற்காலி போட்ட ஹால் வேண்டாம், வட்ட மேசை வேண்டும். மேசைக்கு ஐந்தாறு பேர், மொத்தம் முப்பது பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஃபேக்கல்டி (பயிற்றுநர்). பதிவுக் கட்டணம் வருகிறதே என்று அறுபது பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். அங்கே உறுதியாக நில்லுங்கள். அறுபது பேர் என்றால் அது மறுபடியும் விரிவுரையாகத்தான் முடியும்.

வருபவர்கள் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நம் ஊர் மாநாடுகளில் மூன்று வகையினர் வருவார்கள்: தீசிஸ் (ஆய்வேடு) தலைக்கு மேல் நிற்கும் முதுநிலை மருத்துவ மாணவர்களான பி.ஜி.க்கள், பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியிட வேண்டிய உதவிப் பேராசிரியர்கள், சொந்தமாக கிளினிக் நடத்தும் மருத்துவர்கள். இந்த மூன்றாவது வகையைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. உண்மையில் சுவாரசியமான கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வரும், ஏனென்றால் இருபது வருடமாக ஒரே வகை நோயாளியைப் பார்த்து வந்த கண் அவர்களுடையது. மூன்று வகையினரையும் ஒவ்வொரு மேசையிலும் கலந்து உட்கார வையுங்கள்.

இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ‘உங்கள் ஓ.பி.யிலோ வார்டிலோ உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். தலைப்பு வேண்டாம், கேள்வி போதும்.’ பாதிப் பேர்தான் அனுப்புவார்கள். அது போதும், அந்தப் பாதியை வைத்துத்தான் மேசைகளைப் பிரிக்கப் போகிறீர்கள்.

அடிப்படை விரிவுரைகளை நீங்கள் மறுபடி நடத்த வேண்டிய அவசியம் இல்லை. சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளம் வழியாக உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் படிப்பை நடத்துகிறது, பி.ஜி.க்களில் பலர் அதை முடித்துவிட்டே வருகிறார்கள். கோஹார்ட் (ஒரு குழுவைச் சேர்த்துத் தொடர்ந்து கவனிப்பது) என்றால் என்ன, கேஸ் கன்ட்ரோல் (நோய் வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிடுவது) என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். தன் கேள்விக்கு எது பொருந்தும் என்பதுதான் தெரியாது. வீடியோவால் அதைச் சொல்லித் தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆளால் முடியும்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்குதல்

காலையில் ஒன்றரை மணி நேரம் முழுதாக இதற்கே கொடுங்கள். அதிகம் என்று தோன்றும், ஆனால் அந்த நாளின் பலன் முழுவதும் இங்கேதான் முடிவாகிறது.

யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்ற நான்கு கட்டத்தை எல்லோரும் ‘பைக்கோ’ என்ற பெயரில் படித்திருப்பார்கள். அதை விளக்கிக்கொண்டிருக்காமல் நம் பக்கத்திலேயே நடந்த ஒரு ஆய்வைக் காட்டுங்கள். வயலில் வேலை செய்யும்போது கண்ணில் நெல்லோ தழையோ பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை போவது தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் துயரம். நாட்டமைசின் சொட்டு மருந்து பழையது. வொரிகொனசோல் புதியது, திசுவுக்குள் நன்றாக ஊடுருவக்கூடியது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இப்போது மேசைகளிடம் நான்கு கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். பலன் என்ற கட்டத்தில் எல்லா மேசையும் ‘புண் ஆறுதல்’ என்று எழுதும். ஆய்வாளர்கள் முதன்மைப் பலனாக எடுத்துக்கொண்டது மூன்று மாதத்தில் கண்ணாடி போட்டுக் கிடைக்கும் அதிகபட்ச பார்வை. ஏன் என்று கேளுங்கள், ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். மருத்துவருக்குப் புண் ஆறுவது முக்கியம், வயலுக்குத் திரும்ப வேண்டியவருக்குப் பார்வை முக்கியம். அதை மேசையில் இருப்பவர்களே கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். அப்புறம் முடிவைச் சொல்லுங்கள்: பழைய நாட்டமைசின்தான் ஜெயித்தது, குறிப்பாக ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில். புதிய மருந்து போட்டவர்களுக்குக் கருவிழியில் ஓட்டை விழுவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வருவதும் அதிகமாக இருந்தது.

அடுத்து அவரவர் கேள்வி. இங்கே மேசை ஃபேக்கல்டியின் வேலை தீர்ப்பு சொல்வது இல்லை, விடாமல் கேட்பது. எப்படி என்று ஒரு உரையாடலாகவே காட்டுகிறேன்.

“சார், சர்க்கரை நோயில வைட்டமின் டி பத்திப் பண்ணலாம்னு இருக்கேன்.”

“எந்த சர்க்கரை நோயாளிம்மா? ஓ.பி.யில மாத்திரை வாங்க வர்றவங்களா, வார்டுல கால் புண்ணோட படுத்திருக்கவங்களா?”

“கால் புண் கேஸ்தான் சார்.”

“அவங்கள்ல உங்களை உறுத்துறது என்ன?”

“ஒரே மாதிரி புண்ணு, ஒரே மாதிரி டிரஸ்ஸிங். சிலருக்கு ரெண்டு மாசத்துல மூடிடுது, சிலருக்கு மூடவே மாட்டேங்குது சார்.”

“மூடிடுச்சுன்னு யார் பார்த்துச் சொல்லுவாங்க? எத்தனை வாரத்துல பார்ப்பீங்க?”

இப்படியே போனால் பத்து நிமிடத்தில் ‘சர்க்கரை நோயில் வைட்டமின் டி’ என்ற மங்கலான தலைப்பு, ‘கால் புண்ணோடு சேரும் சர்க்கரை நோயாளிகளில், சேரும்போது வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு 12 வாரத்தில் புண் மூடும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவா?’ என்ற கேள்வியாக மாறும். இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே இது கோஹார்ட் ஆய்வு என்று தெரிந்துவிடும். யாரைச் சேர்ப்பது, எதை எப்போது அளப்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஃபேக்கல்டிகளிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ‘இது ஏற்கெனவே பண்ணியாச்சே’ என்று யாரிடமும் சொல்லக் கூடாது. பி.ஜி. அதோடு வாயை மூடிக்கொள்வார். ‘ஏற்கெனவே பண்ணினவங்க எதை விட்டுட்டாங்கன்னு சேர்ந்து தேடலாமா?’ என்று கேட்டால் அதே ஆள் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார்.

இரண்டாம் படி: ஆய்வு வகை, அதிலும் சீட்டுக் குலுக்கல்

எல்லா ஆய்வு வகைகளையும் அட்டவணை போட்டு விளக்க வேண்டாம். ஒன்றை மட்டும் ஆழமாக உணர வைத்தால் மற்றவை தானாகப் புரியும்: இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது, அந்தக் குழுக்கள் எப்படிப் பிரிந்தன?

இதற்கு அறையிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். எல்லோரும் தங்கள் வயதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதட்டும். மேடைக்குப் பக்கத்து மேசைகளில் இருப்பவர்களின் சராசரியையும், கதவுக்குப் பக்கத்து மேசைகளில் இருப்பவர்களின் சராசரியையும் எக்செல்லில் போட்டுக் காட்டுங்கள். இடத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தால் மூத்தவர்கள் பெரும்பாலும் முன்னால் இருப்பார்கள், பி.ஜி.க்கள் பின்னால். அதனால் இந்தப் பயிற்சியை மேசை பிரிப்பதற்கு முன்பே, காலையில் வந்து உட்கார்ந்த நிலையிலேயே வயதை வாங்கி வைத்துச் செய்வது நல்லது. பிறகு அதே சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துச் சராசரி பாருங்கள். முதல் தடவை இருந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும். மறுபடி குலுக்குங்கள். சில தடவை முப்பது பேரில் வித்தியாசம் கொஞ்சம் எஞ்சும். அதுவும் நல்லதே, சிறிய ஆய்வில் குலுக்கலும் கைவிடலாம் என்பதை அவர்களே பார்த்துவிடுகிறார்கள்.

இதன் மேல் சிறுநீரகக் கல் கணக்கை வையுங்கள். 1986-ல் பிரிட்டனில் வெளியான ஒப்பீடு அது. திறந்த அறுவை சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். தோல் வழியாகத் துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350-க்கு 289, 83 சதவீதம். எது நல்லது என்று கை தூக்கச் சொல்லுங்கள், எல்லோரும் துளையிடும் முறை என்பார்கள். சரி, இப்போது கல்லின் அளவை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். சிறிய கல்லில் திறந்த முறை 87-க்கு 81, அதாவது 93 சதவீதம். துளையிடும் முறை 270-க்கு 234, 87 சதவீதம். பெரிய கல்லில் திறந்த முறை 263-க்கு 192, 73 சதவீதம்; துளையிடும் முறை 80-க்கு 55, 69 சதவீதம். இரண்டு வகைக் கல்லிலும் திறந்த முறை முன்னால், ஆனால் மொத்தத்தில் பின்னால்! கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த அறுவைக்கே போனதுதான் காரணம். அறுவை மருத்துவர்கள் உள்ள அறையில் இதைக் காட்டினால் தேநீர் இடைவேளையிலும் பேச்சு நிற்காது.

குலுக்கலின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லலாம், அதில் நமக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948-ல் வெளியிட்ட, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து ஆய்வில், யாருக்கு மருந்து என்பது மூடிய உறைக்குள் இருந்தது. புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் தயாரித்த குலுக்கல் எண் வரிசைதான் அதை முடிவு செய்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எட்டு வருடம் கழித்து, 1956-ல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அங்குள்ள முதல் ஆய்வு, காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தது. அந்தக் காலத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று இல்லாமல் காசநோய் குணமாகாது என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாற்ற உதவியது. சென்னையில் ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டதால் நடந்தது அது. பி.ஜி.க்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

இங்கே கட்டாயம் தொட வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. நம் தீசிஸ்களில் இன்றும் ‘ஒற்றைப்படை ஓ.பி. எண் என்றால் ஏ மருந்து, இரட்டைப்படை என்றால் பி மருந்து’ என்று பிரிக்கிறார்கள். அடுத்து வருபவருக்கு எந்த மருந்து என்று சீட்டைப் பார்த்ததுமே மருத்துவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் மோசமாக இருப்பவரைச் சேர்க்காமல் விடுவதற்கு அது போதும், மனதறிந்து செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. வெளியே தெரியாத, வரிசை எண் போட்ட, ஒட்டிய உறைகளை அங்கேயே மேசையில் தயாரிக்கச் சொல்லுங்கள். உள்ளே கார்பன் தாளோ அலுமினியத் தாளோ வைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. இருபது நிமிட வேலை, கையால் செய்தது மறக்காது.

மூன்றாம் படி: அளப்பது

பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இது. தீசிஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், புள்ளியியலில் இல்லை.

குழந்தையின் மூச்சு வேகம் தெரியும்படி எடுத்த ஒரு நிமிட வீடியோ ஒன்று வேண்டும் (பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, முகம் தெரியாமல்). பத்து மாதக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எண்ணி எழுதட்டும். சீட்டுகளை வாங்கிப் பலகையில் வரிசையாக எழுதுங்கள். 44, 46, 48, 50, 52, 56 என்று பரவி நிற்கும். உலகச் சுகாதார நிறுவன வரையறைப்படி 2 முதல் 11 மாதம் வரையான குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. அதாவது ஒரே குழந்தை, ஒரே நிமிடம். அறையில் ஒரு பாதிக்கு நிமோனியா, இன்னொரு பாதிக்குச் சளி. குழந்தை மருத்துவர்களே எண்ணினாலும் பரவல் இருக்கும்.

அப்போது கேளுங்கள்: “உங்க ஆய்வுல முக்கியமான அளவை யார் எடுக்கப் போறாங்க? ட்யூட்டி டாக்டரா, ஹவுஸ் சர்ஜனா, நீங்களேவா? எல்லாரும் ஒரே மாதிரி எடுப்பாங்கன்னு எப்படித் தெரியும்?” ரத்த அழுத்தம் 120, 130, 140 என்றே கேஸ் ஷீட்டில் முடிவதையும் நினைவுபடுத்துங்கள். மெர்க்குரி கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு இருக்கிறது. ஆனாலும் எல்லா நோயாளிக்கும் பூஜ்யத்தில் முடிவது உடம்பின் வேலை இல்லை, எழுதும் கையின் வேலை.

பிறகு ப்ரோபார்மா, அதாவது ஒவ்வொரு நோயாளியின் ஆய்வுத் தகவலையும் குறிக்கும் படிவம். ஒவ்வொருவரும் தன் ஆய்வுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் ப்ரோபார்மா எழுதட்டும். கேள்விக்குப் பதில் சொல்ல உதவாத எதையும் அதில் சேர்க்கக் கூடாது. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று சீரம் எலக்ட்ரோலைட்டிலிருந்து குடும்ப வருமானம் வரை சேர்ப்பதுதான் எல்லோருடைய தகவலையும் ஒன்றாகச் சேர்க்கும் மாஸ்டர் சார்ட்டில் பாதிக் கட்டம் காலியாக இருக்கக் காரணம்.

நான்காம் படி: சாம்பிள் சைஸ்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரம். ஆனால் எல்லோரும் இதற்காகவே காத்திருப்பார்கள், தைரியமாக இங்கே வையுங்கள்.

நான்கு பி க்யூவை டி ஸ்கொயரால் வகுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்தே விளையாட விடுங்கள். ஒரு நோய் 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அதுதான் பி, மீதி 80 க்யூ. டி, அதாவது கூடக் குறைய எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்பது, 10 சதவீதம் என்றால் 64 பேர் போதும். 5 என்றால் 256 பேர். 4 என்றால் 400 பேர். பல தீசிஸ்களில் முதலில் 64 பேர்தான் கிடைப்பார்கள் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற டி-யைப் பின்னால் தேடுகிறார்கள். இதைச் சொன்னதும் அறையில் ஒரு சிரிப்பு ஓடும். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: நோய் 10 சதவீதமாகவும் இருக்கலாம், 30 சதவீதமாகவும் இருக்கலாம் என்ற பதிலை வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனை என்ன முடிவு எடுக்கும்?

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கும் மனக்கணக்காக ஒன்று உண்டு. இரண்டு விகிதங்களின் சராசரியை எடுங்கள், அதை ஒன்றிலிருந்து கழித்ததால் பெருக்குங்கள், 16-ஆல் பெருக்குங்கள், வித்தியாசத்தின் ஸ்கொயரால் வகுங்கள். 80 சதவீதப் பவரோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது ஆய்வில் தெரியவரும் வாய்ப்பு) ஒவ்வொரு குழுவிலும் சுமார் எத்தனை பேர் வேண்டும் என்பது வந்துவிடும். 20 சதவீதச் சிக்கலை 10 ஆகக் குறைக்கிறது என்று காட்டக் குழுவுக்கு சுமார் 200 பேர். 20-ஐ 15 ஆகக் குறைக்கிறது என்றால் சுமார் 900 பேர். நம் தீசிஸ்களில் வழக்கமாக வரும் ‘குழுவுக்கு 30’ எதைக் காட்டப் போதுமானது? 20 சதவீதம் 55 ஆக மாறும் அளவுக்கு மாபெரும் வித்தியாசத்தை மட்டும். ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஐம்பது ஐம்பது பேர் போதுமானதாக இருந்தது, மரணம் 27 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்கியதால்தான். அப்படிப்பட்ட மருந்து அடிக்கடி கிடைப்பதில்லை.

மனக்கணக்கு போட்ட பிறகு மென்பொருளைக் காட்டுங்கள், முன்னால் காட்டாதீர்கள். எண்ணைத் தட்டினால் பதில் வரும் பெட்டி கையில் இருந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: புள்ளியியலில் எதைச் சொல்வது, எதை விடுவது

எந்த டெஸ்ட் எப்போது என்ற அட்டவணையை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் நேரம் வேண்டாம். மாநாட்டில் இரண்டு விஷயங்கள் மட்டும் போதும்.

ஒன்று, தற்செயல். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டட்டும். ஐந்தும் தலை விழ 32-ல் ஒரு வாய்ப்பு, அதாவது 3 சதவீதம். தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பான பி வேல்யூ, ஒரு பக்கக் கணக்கில், ‘சிக்னிஃபிகன்ட்’ என்று ஏற்கும் எல்லையான 0.05-க்கும் கீழே. முப்பது பேர் அறையில் ஒருவருக்காவது அது விழ நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, நாணயத்தில் கோளாறா என்று கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்: உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில் 20 ஒப்பீடு செய்தால், ஒன்றாவது ‘சிக்னிஃபிகன்ட்’ என்று வர 64 சதவீத வாய்ப்பு. மாஸ்டர் சார்ட்டில் கிடைத்த எல்லாவற்றுக்கும் கை ஸ்கொயர் போட்டால் இதுதான் நடக்கும்.

இதற்கு ஐசிஸ்-2 ஆய்வைவிடச் சிறந்த கதை இல்லை. மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் நடந்து 1988-ல் வெளியானது. ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்பது அதில் ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. துணைக்குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்டவே ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிப்படியும் பிரித்துக் கட்டுரையில் போட்டார்கள். மேற்கத்திய முறையில், பிறந்த தேதியை வைத்து வருகிற ராசி அது. மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, கொஞ்சம் கெடுதல் போலக்கூடத் தெரிந்தது! நம் ஊர் அறையில் இதைச் சொன்னால் பின்வரிசை வரை நிமிர்ந்து உட்காரும். உடனே கேளுங்கள்: ராசிக்குச் சிரிக்கிறோம், ‘60 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மட்டும் பலன்’ என்றால் ஏன் நம்புகிறோம்?

இரண்டாவது, பலனை எப்படிச் சொல்வது. அதே ஆய்வில் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணம் ஆஸ்பிரின் இல்லாதவர்களில் 11.8 சதவீதம், எடுத்தவர்களில் 9.4 சதவீதம். ‘மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது’ என்றும் சொல்லலாம், ‘சுமார் 42 பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர் தப்பும்’ என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மருந்து கம்பெனி ஸ்டாலில் எது அச்சாகியிருக்கும், நோயாளியிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று மேசையில் பேசட்டும்.

பரிசோதனைகளைப் பற்றிய கேள்வியோடு வந்தவர்கள் இருந்தால் இன்னொரு பத்து நிமிடம். 90 சதவீத சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரைச் சரியாகக் கண்டுபிடிப்பது), 95 சதவீத ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது) உள்ள பரிசோதனையை, நூற்றில் ஒருவருக்கு நோய் உள்ள ஊரில் 1,000 பேருக்குச் செய்தால் 9 பேருக்குச் சரியாகவும் சுமார் 50 பேருக்குத் தவறாகவும் பாசிட்டிவ் வரும். பாதிப் பேருக்கு நோய் உள்ள வார்டில் செய்தால் 450 சரி, 25 தவறு. தாளில் ஆயிரம் பேராக எழுதிப் பார்த்தால் எல்லோருக்கும் புரியும், சூத்திரமாகப் போட்டால் பாதிப் பேருக்குத்தான்.

ஆறாம் படி: எதிக்ஸ், பதிவு, ஒப்புதல்

இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். மாலை நாலு மணிக்கு முன் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். விதிமுறையில் மூன்றைச் சொன்னால் போதும். எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதல் நோயாளிக்கு முன்பே வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2007-ல் தொடங்கியது; 2018 ஏப்ரல் 1-லிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் வருகிற ஆய்வுகளை மட்டுமே அது பதிவு செய்கிறது, கட்டணம் கிடையாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளை எல்லோர் போனிலும் அங்கேயே டவுன்லோடு செய்ய வையுங்கள். தனியார் கிளினிக் நடத்துபவர்கள் ‘எனக்கு எதிக்ஸ் கமிட்டியே இல்லையே’ என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்வதுதான் நடைமுறையில் சுலபமான வழி. அந்த ஜோடியை அன்றைக்கே மேசையில் உருவாக்கிவிடலாம்.

மீதி நேரம் ஒப்புதல் படிவத்துக்கு. ஒவ்வொருவரும் தன் ஆய்வை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நோயாளிக்குச் சொல்வது போல, மேசையில் இன்னொருவரிடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். கேட்பவர் நோயாளியாகவே இருந்து கேள்வி கேட்கட்டும்: “டாக்டரம்மா, எனக்கு எந்த மருந்து நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா?” இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தன் ஆய்வு புரிந்திருக்கிறது. ‘தெரியாதும்மா, அதைக் கண்டுபிடிக்கத்தான் இது. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எதுன்னு முடிவாகும். வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது’ என்று சொல்லி முடிக்கும் வரை விடாதீர்கள்.

ஏழாம் படி: அந்த ஒரு பக்கம்

கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக எதுவும் சொல்லித் தராதீர்கள். தாளில் கேள்வி, ஆய்வு வகை, யாரைச் சேர்ப்பது யாரை விடுவது, முதன்மையான ஒரு பலன், அதை யார் எப்போது அளப்பது, எத்தனை பேர், ஒப்புதல் எப்படி, அடுத்த மாதத்துக்குள் செய்யப் போகும் முதல் வேலை. அவ்வளவுதான். எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றுங்கள். அவர்கள் இரண்டு கேள்வி மட்டும் எழுதலாம், பாராட்டும் வேண்டாம் குறையும் வேண்டாம். எல்லோரையும் மேடைக்கு அழைத்துப் பேச வைக்க நேரம் இருக்காது. மூன்று திட்டங்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள், மூன்றும் வேறு வேறு வகையில் பலவீனமானவையாக இருந்தால் நல்லது. எழுதியவரின் அனுமதியோடு மட்டும்.

மாநாட்டுக்குப் பிறகு

பயிலரங்கு அங்கே முடிவதில்லை. தாள்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஆன்லைனில் கூடுவோம் என்று அன்றைக்கே தேதி குறித்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபேக்கல்டியும் தன் மேசையின் ஐந்து பேருக்கு மட்டும் பொறுப்பு. பி.ஜி.க்களைப் பொறுத்தவரை அவர்களுடைய தீசிஸ் வழிகாட்டியான கைடிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மாநாட்டில் கற்றதை ஊருக்குப் போய்ச் சொல்லும்போது, ‘நாங்க எப்பவும் இப்படித்தான் பண்ணுவோம்’ என்று மடக்கிவிடும் கைடுகள் உண்டு. மூத்தவர் ஒருவர் போன் செய்து ‘உங்க ஸ்டூடன்ட் நல்ல கேள்வியோட வந்தாங்க சார்’ என்று சொன்னால் அந்தச் சுவர் பாதி இறங்கிவிடும்.

பலனை ஃபீட்பேக் படிவத்தில் பார்க்காதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதில் எல்லாம் ‘எக்ஸலென்ட்’ என்றே வரும். ஆறு மாதத்தில் எத்தனை பேர் எதிக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் முதல் நோயாளியைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணை அடுத்த வருட ஆர்கனைசிங் செகரட்டரியிடம் காட்டினால் வட்ட மேசையும் முப்பது பேர் வரம்பும் கேட்காமலே கிடைக்கும்.

ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்றால்

இருநூறு பேர் ஹால், நாற்காலி வரிசை, மதிய நேரம். அப்போது ஒரே ஒரு ஆய்வை மட்டும் எடுங்கள். என் தேர்வு காஸ்ட் ஆய்வு. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் கூடுதல் துடிப்புகள் வருபவர்களுக்கு இறப்பு அதிகம். என்கைனைடும் ஃப்ளெகைனைடும் அந்தத் துடிப்புகளை அடக்கும். எனவே இந்த மருந்துகள் உயிர் காக்குமா? கை தூக்கச் சொல்லுங்கள், நேர்மையாகத் தூக்குவார்கள். 1980-களில் மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பி மருந்து எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கைகள் மேலே இருக்கும்போது எண்களைக் காட்டுங்கள்: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்.

பிறகு கேள்வியை ஹாலுக்கே திருப்புங்கள். எந்தப் பலனை அளந்திருந்தால் இந்த மருந்து ஜெயித்திருக்கும்? குலுக்கல் இல்லாமல் பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா? போலி மாத்திரை கொடுப்பது நியாயமா என்று அன்றைக்கு எதிக்ஸ் கமிட்டியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மைக்கில் சொல்லட்டும். முடிக்கும்போது ஒரு க்யூ.ஆர். கோடு காட்டுங்கள்: உங்கள் ஓ.பி.யில், அளவு சரியாகிறது என்பதற்காக எழுதுகிற, ஆனால் நோயாளிக்கு உண்மையில் நல்லது செய்கிறதா என்று தெரியாத ஒரு மருந்தின் பெயரை அனுப்புங்கள். வருகிற பெயர்களை வைத்து அடுத்த மாநாட்டின் முழுநாள் பயிலரங்குக்கு மேசைகளைப் பிரிக்கலாம்.